ஊருக்குப் போகிற அம்மா எத்தனை வாரம் நிற்கலாம்? பிரித்தானியப் பராமரிப்புக் கொடுப்பனவுகளும் வெளிநாட்டுப் பயணமும்

பராமரிப்புத் தேவைப்படும் முதியவர்களுக்குப் பிரித்தானிய அரசு கொடுக்கும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸை எடுக்கிறவர் 13 வாரம் வரை வெளிநாட்டில் நிற்கலாம் என்பது லண்டனில் ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் பல தமிழ் வீடுகளில் தெரிந்த கணக்கு. கணக்கில் பிழை இல்லை. ஆனால் அதை மட்டும் நம்பி 12 வாரத்துக்கு டிக்கெட் போட்ட குடும்பத்துக்கு, திரும்பி வந்து சில மாதங்களில் "கூடுதலாகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கட்டுங்கள்" என்று கடிதம் வருவதும் உண்டு. காரணம் எளிது. வீட்டில் பராமரிப்பு பெறுகிற ஒரு முதியவரைச் சுற்றி ஒரே ஒரு கொடுப்பனவு ஓடுவதில்லை. அவருடைய அலவன்ஸ், பார்த்துக்கொள்கிற மகனுடைய கேரர்ஸ் அலவன்ஸ், குறைந்த வருமானமுள்ள முதியவருக்கான பென்ஷன் கிரெடிட், வீட்டு வாடகைக்கான ஹவுசிங் பெனிஃபிட், கவுன்சில் அனுப்புகிற பராமரிப்பாளர் என்று நாலைந்து இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கெடு. பயணத்தின் நீளத்தைத் தீர்மானிக்க வேண்டியது அவற்றில் மிகக் குறுகிய கெடு. பெரும்பாலான வீடுகளில் அது 13 வாரம் அல்ல, 4 வாரம்.

கீழே சொல்லும் தொகைகள் எல்லாம் 2025–26 நிதியாண்டுக்கானவை. ஒவ்வோர் ஏப்ரலிலும் மாறும். விதிகள் இங்கிலாந்தையும் வேல்ஸையும் முன்வைத்துச் சொல்லப்படுகின்றன. ஸ்கொட்லாந்தில் அட்டெண்டன்ஸ் அலவன்ஸின் இடத்தில் பென்ஷன் ஏஜ் டிஸபிலிட்டி பேமென்ட் வந்துவிட்டது. அதை நடத்துவது சோஷல் செக்யூரிட்டி ஸ்கொட்லாந்து. பயணத்தைப் பற்றி அறிவிக்க வேண்டியதும் அங்கேதான்.

13 வாரம் என்பது எதற்கு

அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (வாரம் 73.90 அல்லது 110.40 பவுண்), ஓய்வூதிய வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இயலாமைக்காக எடுக்கிற பிஐபி, இயலாமையுள்ள பிள்ளைகளுக்கான டிஎல்ஏ ஆகிய மூன்றுக்கும் விதி ஒன்றுதான். தற்காலிகமாக வெளிநாடு போனால் முதல் 13 வாரம், அதாவது 91 நாள், நாட்டில் இருப்பதாகவே கணக்கிடுவார்கள். "தற்காலிகம்" என்றால், புறப்படும் நாளில் இந்தப் பயணம் 52 வாரத்தைத் தாண்டும் என்று தோன்றக் கூடாது. விடுமுறையா, கோயில் திருவிழாவா, பேரப்பிள்ளையின் கல்யாணமா என்பது முக்கியமில்லை. காரணம் எதுவானாலும் 13 வாரம் உண்டு.

வைத்தியத்துக்காகப் போனால் இது 26 வாரமாகும். இந்த இடத்தைத்தான் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். புறப்படுவதற்கு முன்பே இருந்த நோய்க்காக, அந்த வைத்தியத்துக்கென்று ஏற்பாடு செய்துகொண்டு, தகுதியுள்ள வைத்தியரின் மேற்பார்வையில் சிகிச்சை பெறப் போனால் மட்டுமே அந்த 26 வாரம். திருவிழா பார்க்கப் போன அம்மா யாழ்ப்பாணத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அது பிரித்தானியாவை விட்ட பிறகு நேர்ந்தது. பயணமும் சிகிச்சைக்கென்று ஏற்பாடு செய்ததல்ல. ஆகவே கெடு 13 வாரமாகவே இருக்கும். விமானத்தில் ஏறக்கூடாது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தாலும் 14ஆம் வாரப் பணம் வராது. இதனால்தான் 12 வாரம் 6 நாள் என்று நூலிழையில் டிக்கெட் போடக் கூடாது. 10 வாரத்தில் திரும்புகிற மாதிரிப் போட்டால், காய்ச்சலோ ரத்தான விமானமோ வந்தாலும் கையில் மூன்று வாரம் இருக்கும்.

வருடத்துக்கு இத்தனை முறைதான் போகலாம் என்று இந்த மூன்றின் விதிகளிலும் இல்லை. ஆனால் ஒவ்வொரு குளிர்காலமும் ஊரில், கோடையில் மட்டும் லண்டன் என்று ஆகிவிட்டால், "வழக்கமாக வாழும் இடம் எது" என்ற கேள்வி எழும். அலவன்ஸுக்கு அதுவும் ஒரு நிபந்தனை. இன்னொன்று, கடந்த 156 வாரத்தில் 104 வாரமாவது நாட்டில் இருந்திருக்க வேண்டும். 13 வாரத்துக்குள் முடிந்த பயணங்கள் இதில் இருந்த நாட்களாகவே எண்ணப்படும். அதைத் தாண்டி நின்ற நாட்கள் எண்ணப்படா.

மகன் லண்டனில், அம்மா ஊரில்

கேரர்ஸ் அலவன்ஸில்தான் அதிகச் சிக்கல் வருகிறது. வாரம் 83.30 பவுண். நிபந்தனை, வாரத்தில் குறைந்தது 35 மணி நேரம் பராமரிக்க வேண்டும். அம்மா ஊருக்குப் போய், மகன் லண்டனிலேயே வேலையும் வீடுமாக நின்றால், அந்த வாரங்களில் அவர் யாரையும் பராமரிக்கவில்லை. அம்மாவின் அலவன்ஸ் நிற்காததால் தன்னுடையதும் நிற்காது என்று அவர் நினைப்பது இயல்பு. ஆனால் விதி அவருக்குக் கொடுப்பது எந்த 26 வாரத்திலும் 4 வார இடைவெளி மட்டுமே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அம்மா 10 வாரம் போகிறார். மகனுக்கு முதல் 4 வாரம் பணம் உண்டு. மிச்சம் 6 வாரம் இல்லை: 6 × 83.30 = 499.80 பவுண். அவர் அறிவிக்காமல் விட்டால் பணம் தொடர்ந்து வரும். பிறகு ஒருநாள் முழுத்தொகையையும் திருப்பிக் கேட்பார்கள். மேலதிகமாக 50 பவுண் அபராதமும் சேரலாம். அந்த 26 வாரத்துக்குள் மகன் ஏற்கெனவே இரண்டு வாரம் தனியாக விடுமுறை போயிருந்தால், 4 வாரத்தில் மிச்சம் இருப்பது இரண்டுதான்.

மகனும் கூடவே போய், அங்கே அம்மாவைப் பார்த்துக்கொண்டால் நிலைமை வேறு. பராமரிப்பதற்கென்றே கூடப் போகிறவருக்கு, அம்மாவின் அலவன்ஸ் ஓடும்வரை, அதாவது 13 வாரம் வரை, கேரர்ஸ் அலவன்ஸும் ஓடும். மூன்று வாரம் கூட நின்றுவிட்டு, அம்மாவைச் சின்னம்மா வீட்டில் விட்டு அவர் திரும்பினால், திரும்பிய நாளிலிருந்து பராமரிப்பு இடைவெளி தொடங்குகிறது. எந்த வாரத்தில் 35 மணி நேரம் நிறைந்தது என்பதை ஞாயிறு முதல் சனி வரை எண்ணுகிறார்கள். வியாழன் இரவு ஹீத்ரோவில் இறங்குகிறவருக்கு அந்த வாரத்தின் முதல் நாட்களே 35 மணி நேரத்தைத் தாண்டியிருக்கலாம். அம்மாவுக்கு எந்தெந்த நேரம் என்ன செய்தார் என்பதை ஒரு கொப்பியில் குறித்து வைப்பது நல்லது.

4 வாரக் கெடுவும் முதல் நாளும்

பென்ஷன் கிரெடிட் எடுக்கிறவர்களுக்கு இந்தப் பகுதிதான் மிக முக்கியம். 2016 ஜூலை வரை இதில் வெளிநாட்டுக் கெடு 13 வாரமாக இருந்தது. இன்றும் பெரியவர்கள் மனதில் நிற்பது அந்தப் பழைய கணக்கு. இப்போது 4 வாரம்தான். அதிலும் ஒரு கண்ணி உண்டு. பயணம் 4 வாரத்தைத் தாண்டாது என்று எதிர்பார்க்கப்பட்டால் மட்டுமே அந்த 4 வாரம் கிடைக்கும். ஆறு வாரத்துக்குத் திரும்பும் டிக்கெட் கையில் வைத்துக்கொண்டு புறப்பட்டால், நாலு வாரம் கொடுத்துவிட்டு நிறுத்த மாட்டார்கள். உரிமை புறப்படுகிற அன்றே முடிந்துவிடும். ஹவுசிங் பெனிஃபிட்டிலும் இதே தர்க்கம்தான்.

ஓர் உதாரணம். தனியாக வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தாய். அரச ஓய்வூதியம் வாரம் 140 பவுண் என்று வைத்துக்கொள்வோம். சேமிப்பு அதிகமில்லை. அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் எடுக்கிறார். அவருக்காக யாரும் கேரர்ஸ் அலவன்ஸ் எடுக்கவில்லை. பென்ஷன் கிரெடிட்டின் அடிப்படை 227.10 பவுண். அதோடு கடும் இயலாமைக்கான கூடுதல் தொகை 82.90. இரண்டும் சேர்ந்தால் 310. அட்டெண்டன்ஸ் அலவன்ஸை இதில் வருமானமாக எண்ணுவதில்லை. எனவே 310-இல் 140 போக, வாரம் 170 பவுண் பென்ஷன் கிரெடிட். இவர் 28 நாளுக்குள் திரும்பினால் இழப்பு எதுவுமில்லை. ஆறு வாரத்துக்கு என்று திட்டமிட்டுப் போனால் 6 × 170 = 1,020 பவுண் போய்விடும். ஆறு வார வாடகை உதவியும் போகும். வீட்டு உரிமையாளருக்கு நிலுவை ஏறும். திரும்பியதும் இரண்டுக்கும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். 75 வயதுக்கு மேற்பட்டவருக்கு இலவச டிவி லைசென்ஸ் போன்றவை பென்ஷன் கிரெடிட்டைப் பிடித்து வருபவை. அவையும் ஆடிப்போகும். இத்தனைக்கும் அந்த ஆறு வாரமும் அவருடைய அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் ஒரு பவுண்கூடக் குறையாமல் வந்துகொண்டிருக்கும். அதனாலேயே எல்லாம் சரியாக இருக்கிறது என்று வீட்டார் நம்பிவிடுகிறார்கள்.

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள். கொடியேற்றத்துக்கு முதல் நாள் இறங்கி, பூங்காவனம் முடிய ஏறினால் 28 நாளுக்குள் அடக்கலாம். முன்னும் பின்னும் உறவினர் வீடுகள் என்று ஒரு வாரம் சேர்த்தால் அடங்காது.

மரண வீட்டுக்கு மட்டும் சட்டம் கொஞ்சம் இடம் விடுகிறது. 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிக்காமல் எப்படித் திரும்புவது? 28 நாள் போதாது என்பது நமக்குத் தெரியும். வாழ்க்கைத் துணை, பிள்ளை அல்லது நெருங்கிய உறவினர் இறந்ததையொட்டிய பயணமாக இருந்து, 4 வாரத்துக்குள் திரும்பச் சொல்வது நியாயமல்ல என்று அதிகாரி ஏற்றுக்கொண்டால், பென்ஷன் கிரெடிட் 8 வாரம் வரை தொடரும். ஹவுசிங் பெனிஃபிட்டிலும் இந்த நீட்டிப்பு உண்டு. "நெருங்கிய உறவினர்" என்பது பெற்றோர், மாமனார் மாமியார், பிள்ளைகள், சகோதர சகோதரிகள், இவர்களுடைய துணைவர்கள் ஆகியோரோடு நின்றுவிடுகிறது. சித்தப்பா, பெரியம்மா, தாய்மாமன், மச்சான் முறை ஒன்றுவிட்ட சகோதரம் எல்லாம் நமக்கு நெருக்கமாக இருக்கலாம். அந்தப் பட்டியலில் அவர்கள் இல்லை. வைத்தியத்துக்கென்றே போனால் பென்ஷன் கிரெடிட்டிலும் 26 வாரம் கிடைக்கும்.

ஓய்வூதிய வயதுக்குக் கீழே, குறைந்த வருமானக்காரருக்கான யூனிவர்சல் கிரெடிட்டில் இருப்பவர்களுக்குக் கெடு ஒரு மாதம். நெருங்கிய உறவினர் இறந்தால் இன்னொரு மாதம். வைத்தியத்துக்கு ஆறு மாதம். அரச ஓய்வூதியத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அது எவ்வளவு காலமானாலும் வரும். இந்தியாவிலோ இலங்கையிலோ நிரந்தரமாகக் குடியேறினால் மட்டும் ஆண்டுதோறும் வரும் உயர்வு கிடைக்காது.

கவுன்சில் பராமரிப்பாளரும் டைரக்ட் பேமென்டும்

கவுன்சில் ஏற்பாடு செய்த ஏஜென்சி ஆட்கள் நாளுக்கு நாலு தடவை வந்து எழுப்பி, குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்துப் போகிறார்கள் என்றால், பயணத் தேதியைச் சமூகசேவைப் பிரிவுக்கும் ஏஜென்சிக்கும் எழுத்தில் கொடுங்கள். சொல்லாமல் போனால் பூட்டிய கதவைத் தட்டிவிட்டு, ஆபத்து என்று பொலிஸை அழைக்கவும் கூடும். வராத நாட்களுக்கும் உங்கள் பங்குக் கட்டணம் ஏறலாம். இன்னொன்றையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்: எத்தனை வாரம் வரை அதே நேர ஒழுங்கை வைத்திருப்பார்கள்? காலை எட்டு மணி நேரத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டால், திரும்பியபின் பதினொரு மணிக்குத்தான் ஆள் வரும். நீரிழிவுக்கு ஊசி போடுகிறவருக்கு அந்த மூன்று மணி நேரம் சின்ன விஷயமில்லை. திரும்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஏஜென்சியைத் தொடர்புகொண்டு தொடங்கும் நாளை உறுதிப்படுத்துங்கள்.

டைரக்ட் பேமென்ட் என்பது (இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டின் கேர் சட்டத்தின் கீழ்) பராமரிப்புத் திட்டத்தில் எழுதியிருக்கும் தேவைக்காகக் கவுன்சில் கொடுக்கிற பணம். அதை வெளிநாட்டில் செலவழிக்கலாமா என்பதற்கு நாடு முழுவதற்குமான ஒரே பதில் கிடையாது. உங்கள் கவுன்சிலின் கொள்கையும் உங்கள் திட்டமும்தான் பதில். புறப்படுவதற்கு குறைந்தது ஆறு வாரம் முன்பு மின்னஞ்சலில் கேளுங்கள். அதே பராமரிப்பாளரைக் கூட்டிப்போனால் வழக்கமான மணிநேரச் சம்பளத்தை இதிலிருந்து கொடுக்கலாமா? ஊரில் ஓர் ஆளை வைத்தால் அதற்குப் பயன்படுத்தலாமா? என்ன ரசீது வேண்டும்? பராமரிப்பாளரின் விமானச் செலவும் தங்குமிடமும் பெரும்பாலும் இதில் அடங்காது. முன்கூட்டி ஒப்புக்கொண்டால் ஒழிய கையிலிருந்துதான் போக வேண்டும்.

பிடிபடுகிற இடம் கணக்குப் பரிசோதனை. ஊரில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கையில் காசாகக் கொடுத்துவிட்டு வந்தால், ரசீது இல்லாத செலவு என்று கவுன்சில் அதைத் திருப்பிக் கேட்கும். ஆளின் பெயர், தேதி, மணி நேரம், கொடுத்த தொகை, அன்றைய நாணய மாற்று விகிதம், கையெழுத்து என ஒரே தாளில் வாரம் ஒரு வரி எழுதினாலே போதும். லண்டனில் நின்றுவிடுகிற பராமரிப்பாளர் உங்கள் ஊழியர் என்பதையும் மறக்கக் கூடாது. அவருக்கு வருடத்தில் 5.6 வாரம் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. நீங்கள் போகிற வாரங்களையும் அவருடைய விடுமுறையையும் முன்பே பேசிப் பொருத்தினால் இரு பக்கமும் நட்டமில்லை. உங்கள் முதலாளி பொறுப்புக் காப்புறுதி வெளிநாட்டில் செல்லுமா என்றும் பாருங்கள். அநேகமாகத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டியிருக்கும்.

கட்டில், ஆளைத் தூக்கும் ஹொய்ஸ்ட், காற்று மெத்தை எல்லாம் கவுன்சிலுக்கோ அரச சுகாதாரச் சேவையான என்எச்எஸ்ஸுக்கோ சொந்தம். கொண்டுபோக முடியாது, போகிற இடத்தில் வாடகைக்குப் பேசி வையுங்கள்.

மருந்தும் விமானமும்

ஜிபி (குடும்ப வைத்தியர்) வழக்கமாக வெளிநாட்டுப் பயணத்துக்கு அதிகபட்சம் மூன்று மாத மருந்துதான் எழுதுவார். மூன்று மாதத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போகிறவரை ஜிபி பட்டியலிலிருந்து நீக்கவும் செய்வார்கள். வலிக்காக மோர்ஃபின், ட்ரமடோல், பிரிகபலின், கபபென்டின் எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். மூன்று மாதமோ அதற்கு மேலோ பயணம் போனாலும், மூன்று மாதத்துக்கோ அதற்கு மேலோ வரும் மருந்தைக் கொண்டுபோனாலும் பிரித்தானிய உள்துறை அமைச்சின் அனுமதி வேண்டும். அதற்குக் குறைவானாலும் பெயர், பயண விவரம், மருந்தின் பெயரும் அளவும் எழுதிய வைத்தியர் கடிதம் கையில் இருக்கட்டும். போகிற நாட்டின் விதி வேறு. இந்தியாவில் 2018 முதல் ட்ரமடோல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. இன்சுலினைப் பெட்டியில் போட்டு விமானத்தின் அடியில் அனுப்பவே கூடாது, உறைந்தால் கெட்டுப்போகும்.

சிறுநீர் பேட் நாளுக்கு நாலு என்றால் 70 நாளுக்கு 280. அதுவே ஒரு பெட்டி நிறையும். மருத்துவப் பொதி என்று சொல்லி மேலதிக எடை கேட்டால் சில விமான நிறுவனங்கள் கொடுக்கின்றன.

சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்பதைப் புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்பாவது சொல்ல வேண்டும். பிரித்தானியாவிலிருந்து புறப்படும் எந்த விமானத்திலும் நடமாட்டத்துக்கான இரண்டு உபகரணங்களை இலவசமாகக் கொண்டுபோக உரிமை உண்டு. திரும்பி வரும்போது, பிரித்தானிய அல்லது ஐரோப்பிய விமான நிறுவனமாக இல்லாவிட்டால் அதே சட்டம் துணைக்கு வராது. டிக்கெட் எடுக்கும்போதே இதை யோசியுங்கள். மின்சார நாற்காலியில் கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி இருந்தால், ஒன்றாக இருந்தால் 300 வாட் மணி, இரண்டாக இருந்தால் தலா 160 வாட் மணி என்பது வரம்பு. அந்த எண் பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும். அதைப் படமெடுத்து முன்பே அனுப்புங்கள். நாற்காலி உடைந்தால் மொன்ட்ரியல் உடன்படிக்கையின்படி கிடைக்கும் உச்சத் தொகை 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). ஒரு நல்ல மின்சார நாற்காலியின் விலைக்கு அது பக்கத்திலும் வராது. தனிக் காப்புறுதி வேண்டும்.

ஐரோப்பிய நாடுகளில் அரச மருத்துவ உதவி பெற உதவும் ஜிஹெச்ஐசி அட்டை இந்தியாவிலோ இலங்கையிலோ செல்லாது. இருக்கிற நோய் ஒவ்வொன்றையும் சொல்லி எடுத்த பயணக் காப்புறுதியே பயன்படும். ஒன்றை மறைத்தாலும் முழுக் கோரிக்கையையும் மறுக்கக்கூடும். பெரிய நிறுவனங்கள் மறுத்தவர்களுக்கு, அரச ஆதரவுள்ள நிதி ஆலோசனைச் சேவையான மணிஹெல்ப்பர் வைத்திருக்கும் சிறப்புக் காப்புறுதிப் பட்டியல் உதவும்.

சொல்வதும் வைத்திருப்பதும்

அட்டெண்டன்ஸ் அலவன்ஸ், பிஐபி இரண்டிலும் 4 வாரத்துக்கு மேல் போவதென்றால் அறிவிக்க வேண்டும். பென்ஷன் கிரெடிட், ஹவுசிங் பெனிஃபிட், கேரர்ஸ் அலவன்ஸ் என்றால் எத்தனை நாளானாலும் சொல்லிவிடுவது பாதுகாப்பு. ஓரிடத்தில் சொன்னால் மற்றவற்றுக்கும் போய்ச்சேரும் என்று நம்பாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஹவுசிங் பெனிஃபிட் கவுன்சிலிடம். கேட்பது நாலு விஷயம்: புறப்படும் தேதி, எவ்வளவு காலம், எந்த நாடு, ஏன். தொலைபேசியில் சொன்னால் தேதியும் நேரமும் பேசியவரின் பெயரும் குறித்துக்கொள்ளுங்கள்.

போர்டிங் பாஸைத் தூக்கி எறியாதீர்கள். 2025இல் எல்லைப் பயணத் தரவை வைத்து வரித்துறை ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சைல்ட் பெனிஃபிட்டை நிறுத்தியது. போனது பதிவாகி, வந்தது பதிவாகாத பலர் அதில் அநியாயமாகச் சிக்கினார்கள். திரும்பிய பயணத்தின் பாஸும் கடவுச்சீட்டின் முத்திரைப் பக்கமும் கைபேசியில் படமாக இருந்தால் ஒரே நாளில் பதில் சொல்லலாம்.

வீட்டுக்கு வரும் தபாலைத் திறந்து பார்க்க ஒருவர் வேண்டும். பிஐபி மறுபரிசீலனைப் படிவம் வந்தால் நிரப்பி அனுப்ப ஒரு மாதம்தான். எட்டு வாரம் கழித்து வந்து கதவைத் திறக்கும்போது அது மிதியடியில் கிடந்தால், பயணம் எல்லா விதிக்கும் உட்பட்டதாக இருந்தும் பணம் நின்றிருக்கும். படிவம் வந்த அன்றே படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். போனில் அழைத்து அவகாசம் கேட்கலாம். கெடு முடியும் முன் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

13 வாரத்தைத் தாண்டி அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் நின்றுபோனவர், திரும்பிய முதல் வேலைநாளே அழைக்க வேண்டும். புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னாலும், முந்தைய உரிமை முடிந்து இரண்டு ஆண்டுக்குள் கேட்டால், முதல்முறை கேட்பவருக்கு உள்ள ஆறு மாதக் காத்திருப்பு மறுபடி கிடையாது. பென்ஷன் கிரெடிட்டுக்கு மூன்று மாதம் பின்தேதியிட்டுக் கேட்கலாம், ஆனால் நாட்டில் இருந்த நாட்களுக்கு மட்டும். ஆகவே இறங்கிய தேதியைப் படிவத்தில் தெளிவாக எழுதி, திரும்பிய பயணத்தின் போர்டிங் பாஸ் நகலையும் கூடவே இணையுங்கள்.